கறவை என்று எழுதிய வியாழக்கிழமை

பால்காரம்மாவுக்கு மாடு என்றால் உயிர். மனிதர்கள் அதற்குப் பிறகுதான், அதிலும் புருஷன் கடைசி வரிசை. இதை அந்தப் புருஷனே சிரித்துக்கொண்டு சொல்வார். மூன்று மாடுகளை வைத்து, விடிவதற்குள் கறந்து, கேனை வேனில் ஏற்றிப் பதினெட்டு வருஷம் குடும்பத்தை ஓட்டியவள் அவள். தொற்றுநோய் வந்து ஊரை அடைத்தார்கள். ஓட்டல்கள் மூடின, வேன் வரவில்லை. கறந்த பாலைச் சாக்கடையில் ஊற்றிய முதல் நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தீவனம் வாங்க இரண்டு மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். மிஞ்சியது செவலை மட்டும். எட்டு மாதச் சினை. வயிற்றுக் கன்றுக்குச் சத்து சேரட்டும் என்று கறப்பதை நிறுத்தி, மடியை வற்ற விட்டிருந்தாள். மாடு வளர்க்கத் தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார்கள்.

மாட்டுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அது கிடைத்தால் செவலை ஈனும்வரை தீவனத்துக்குக் கவலையில்லை. கிடைக்காவிட்டால் அறுப்புக்கு மாடு பிடிப்பவனிடம் கயிற்றைக் கொடுக்க வேண்டியதுதான்.

கணக்கெடுக்க வந்த அதிகாரி குனிந்து மடியைப் பார்த்தார்.

"கறவை மாட்டுக்குத்தாம்மா பணம். இது கறக்கலையே?"

"சினை சார். அடுத்த மாசம் கன்னு போடும். அதான் வத்த விட்டிருக்கேன்."

"எனக்குப் புரியுது. ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லையே. வியாழக்கிழமை இந்தப் பக்கம் திரும்ப வருவேன். பால் இருந்தா எழுதிக்கறேன்."

பாவம், அவர் நல்ல மனுஷன்தான். அந்த ஃபாரத்தைத் தயாரித்த மகராசன் மாட்டைக் காலண்டரில்தான் பார்த்திருப்பான்.

வற்றிய காம்பைத் திறந்தால் மடி கெடும், திறக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா? நாலு பேருக்கு அவளே சொன்ன புத்திமதி அது.

"வேணாம்டி, விட்டுடு," என்றார் புருஷன்.

"விட்டுட்டு? அறுக்கக் கொடுக்கவா?"

மூன்று நாள், காலையும் மாலையும், வெந்நீரில் நனைத்த துணியால் மடியைத் தேய்த்துத் தேய்த்துக் காம்பை இழுத்தாள். செவலை ஒருமுறைகூட உதைக்கவில்லை. உதைத்துத் தொலைத்திருக்கலாம். வியாழனன்று செம்பின் அடியில் கொஞ்சம் மஞ்சள் நீராகப் பால் விழுந்தது. அதிகாரி 'கறவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தே நாளில் மடி கல்லாக இறுகியது. மாட்டு டாக்டர் ஊசி மேல் ஊசி போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். நாலு காம்பிலும் சீழ்.

கன்று நாள் தவறாமல் பிறந்தது. கிடாரி. தள்ளாடி எழுந்து நேராகத் தாயின் மடியை முட்டியது. அவள் இழுத்துத் தள்ளி நிறுத்தினாள். அது மறுபடி மறுபடி அங்கேயே போனது. பிறந்த கன்றுக்கு முதல் நாள் சீம்பால் உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் தாங்காது. செம்பை எடுத்துக்கொண்டு மாடு வைத்திருக்கும் வீடெல்லாம் ஏறி இறங்கினாள். அந்த வாரம் எவர் வீட்டிலும் மாடு ஈனவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்குகிற சரக்கா அது? பவுடர் பாலைக் கரைத்துப் புட்டியில் புகட்டினாள். மூன்றாம் நாள் மதியம் கழிச்சல் கண்டு கன்று செத்தது.

அதைப் புதைத்துவிட்டுக் கை கழுவும்போது புருஷனின் போனில் செய்தி வந்தது.

"நிவாரணம் ஏறிடுச்சு," என்றார் மெதுவாக.

அவள் நகத்திலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்த சாருக்குப் போன் போடுங்க," என்றாள். "அந்த மாடு கறக்கலைன்னு எழுதிக்கச் சொல்லுங்க."