தள்ளி நின்ற கல்யாணப் படங்கள்

சென்ற வாரம் களுவாஞ்சிக்குடியில் என் அக்கா வீட்டில் ஒரே கூட்டம். அக்கா மகள் தர்ஷினியின் விசா வழக்குக்கு, வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்றில் அன்று தீர்ப்பு. வந்தவர்களுக்கெல்லாம் சட்டம் விளக்கிக்கொண்டிருந்தது யார்? வேறு யார் – நான்தான். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்குத் தெரியாத விஷயமும் உண்டா என்ன...

விஷயம் இதுதான். போன வருஷம் தர்ஷினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு திரும்பிவிட்டார். இவள் அவரிடம் போக விசா கேட்டாள். குடிவரவு அதிகாரி மறுத்துவிட்டார். இது விசாவுக்காக நடத்திய பொய்க் கல்யாணமாம். ஆதாரம்? படங்களில் இரண்டு பேரும் தள்ளி நிற்கிறார்களாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லையாம்.

எப்படிப் பார்ப்பார்கள்? கமராக்காரர் பாவம், "தோளில கை போடுங்க" என்று சொல்லத்தான் செய்தார். "கோயில் வாசல்ல என்ன கூத்து? பெரியாக்கள் நிக்கிறாங்க, தள்ளி நில்லுங்க" என்று அதட்டியது நான். கடைசிப் படம் வரைக்கும் பக்கத்திலேயே காவல் நின்றேன். குடும்ப மானத்தைக் காப்பாற்றிய பெருமை வேறு!

மாப்பிள்ளை விடவில்லை, வழக்குப் போட்டார். அன்று அவர்தான் எனக்குப் போன் எடுத்தார்; எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "மாமா, வென்டுட்டம்."

"நான் சொன்னனே, நீதிபதி விசா குடுப்பார் என்டு."

"இல்ல மாமா. கோட்டு விசா குடுக்காதாம். ஊர் வழக்கத்த விசாரிக்காம அதிகாரி முடிவெடுத்தது பிழை என்டுதான் தீர்ப்பு. மறுகா அதே ஒபிஸ்தான் திரும்ப முடிவெடுக்கணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரை முகட்டைப் பார்த்தேன்.

தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காத்திருக்கலாம் மாமா. எங்கட கல்யாணம் பொய் என்டு எழுதினது பிழை என்டு சொல்லிட்டாங்கதானே. இன்டைக்கு அது போதும்."

நீதிமன்றம் கதவைத் திறந்துவிடும் என்றுதான் நான் ஊருக்கே சொல்லி வைத்திருந்தேன். கதவைச் சாத்தியவரைக் கூப்பிட்டு, ஏன் சாத்தினாய் என்று கேட்பது – அது மட்டும் சின்னக் காரியமா?

என்னை அப்படிக் கேட்க ஆளில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இனி எந்தக் கல்யாண வீட்டிலும் நான் கமராவுக்குப் பக்கத்தில் போகக்கூடாதென்று மனைவி உத்தரவு போட்டிருக்கிறாள் – மேன்முறையீட்டுக்கு இடமில்லையாம்.