தீபாவளி முடியாத தண்ணீர்

எழுபதுகளில் ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் கழிவுநீரெல்லாம் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், தெளிந்த பிறகுதான் கூவத்தில் சேரும். அங்கே மதகைத் திறந்துவிடுபவர் ஓர் ஒல்லி மனிதர். காக்கி அரைக்கால் சட்டை, நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. கடைசித் தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, சுவரில் தொங்கும் தினசரி காலண்டருக்கு முன்னால் வைத்துப் பார்ப்பார். பாட்டில் வழியே தேதி தெளிவாகத் தெரிந்தால்தான் மதகைத் திறப்பார்.

நான் அலுவலகத்தில் குமாஸ்தா. தீபாவளிக்கு மறுநாள், நாற்றம் தாங்கவில்லை, உடனே திறந்துவிடு என்று அதிகாரி எழுதிய சீட்டோடு போனேன். காலண்டரில் முந்தைய நாள் தாளைக் கூட அவர் கிழித்திருக்கவில்லை.

"இந்தத் தண்ணிக்கு இன்னும் தீபாவளி முடியல சார். மொத்த குவார்ட்டர்ஸும் எண்ணெ தேச்சிக் குளிச்சிகீது. கீழ ஆத்துல ஜனங்க இறங்குது. அப்டியே உட சொல்றியா?"

"தொறக்கலன்னா உங்களுக்கு மெமோ வருமே. ஆபீசர்கிட்ட நான் என்ன சொல்றது?"

மூங்கில் கழியால் எண்ணெய்ப் படலத்தை ஒதுக்கியபடியே, பளபளத்த என் தலையைப் பார்த்தார்.

"நீ எவ்ளோ எண்ணெ வெச்ச சார்?"

"ஒரு கிண்ணம் இருக்கும்."

"அத்தத்தான் எடுத்துகினு கீறேன்னு சொல்லு."

மூன்றாம் நாள்தான் திறந்தார். மெமோவும் வந்தது. அவர் பெயரைக் கேட்டுவைக்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதும் தீபாவளி விடியலில் மனைவி நீட்டும் கிண்ணத்தில் பாதி எண்ணெயை மிச்சம் வைத்துவிடுகிறேன். ஏன் என்று கேட்டால், சளி பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.