நிழலில் உலர்த்திய சாணம்

பசுவின் தாடைக்குக் கீழே ஒரு பை தொங்குவதை முதலில் பார்த்தவன் நான். அதனால் முதலில் அலறியவனும் நானே. நான் பட்டு நெசவாளி; தறியில் பாவு நூல் ஓர் இழை அறுந்தாலே தலையில் கை வைக்கிற ஆள். ஏழு மாதச் சினைப்பசுவுக்குக் கழுத்தோரம் தண்ணீர் கோத்துக்கொண்டால் சும்மா இருப்பேனா? தொண்டை அடைப்பான் என்று நானே முடிவுகட்டி, தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் மனைவியிடம் சொன்னேன்.

அவள் வந்து பையை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ஒரு மாசமா எலும்பு தெரியுது. உங்களுக்கு இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

பசு அவளுடையது, கன்றிலிருந்து வளர்த்தவள். அவளே கண்ணமங்கலத்து மாட்டுத் தரகரை அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தாள். அதற்குள் தேறாவிட்டால் கொடுத்துவிடுவது என்று பேச்சு. இந்த நிலையில் வாங்குகிறவன் பால் கறக்க வாங்க மாட்டான் என்று இருவருக்கும் தெரியும். அதை மட்டும் நாங்கள் வாய்விட்டுப் பேசவில்லை.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பசுவின் கண் இமையைக் கீழே இழுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ரத்தமே இல்ல சார். புழுவா இருக்கலாம். எந்தப் புழுன்னு தெரியாம சினைமாட்டுக்கு மருந்து ஊத்த முடியாது. சாணம் கொண்டாங்க, பாத்துடலாம்."

எங்கள் தொழிலில் ஈரமாக எதையும் அடுத்தவர் கையில் கொடுப்பதில்லை. சாயம் தோய்த்த பட்டு நூலை அலசி, நிழலில் உலர்த்தித்தான் தருவோம். வெயிலில் போட்டால் நிறம் போய்விடும். டாக்டருக்குக் கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டாமா? சாணத்தை வெள்ளைத் துணியில் மெல்லிசாகப் பரப்பி, பின்கட்டு நிழலில் இரண்டு நாள், புரட்டிப் புரட்டி உலர்த்தினேன். பிறகு ஒரு சேலை டப்பாவில் வைத்துக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா மூடியைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து மேசையில் தட்டினார்.

"சார், நான் கேட்டது சாணம். இது வறட்டி."

"நிழல்லதான் காய வச்சேன் மேடம்."

"எதுல காய வச்சாலும் புழு முட்டை சுருங்கிப் போயிடும். மைக்ராஸ்கோப்புல ஒண்ணும் தெரியாது. போட்ட சூட்டோட எடுத்துகினு வாங்க."

இரண்டு நாள் வீண். வீட்டுக்குப் பறந்தேன். ஆனால் அவசரம் எனக்குத்தானே, பசுவுக்கு இல்லையே. டப்பாவும் கையுமாக அதன் பின்னால் ஒன்றரை மணி நேரம் நின்றேன். அது திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோட்டது.

ஒருவழியாகக் கிடைத்ததைத் தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, வடித்து, அடியில் தங்கியதில் நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. நீலத்தில் பொன் மஞ்சளாக முட்டைகள். அந்தப் பதற்றத்திலும், உடல் நீலம், புட்டா மஞ்சள், சேலைக்கு எடுப்பாக இருக்குமே என்று தோன்றியது.

"ஈரல் தட்டைப்புழு. ஏரியோரமா மேய விடறீங்களா?"

"தினமும் மேடம். அங்கதான் பச்சையா கீது."

"அங்க நத்தையும் இருக்குமே. புழு நத்தைக்குள்ள வளந்து வெளிய வந்து, ஈரப் புல்லுல ஒட்டிக்கும். மாடு அதத் தின்னும்."

மறுபடி வீட்டுக்கு வந்து பசுவின் நெஞ்சுச் சுற்றை டேப்பால் அளந்து, எடையைக் கணக்கிட்டு, சினைக்கு ஒத்துக்கொள்ளும் மருந்தாகப் பார்த்து ஊற்றினார். மூன்று வாரம் கழித்து மறுபடி சாணம் பார்க்க வேண்டும் என்றார்.

அவர் போனதும் கண்ணாடி முன் நின்று என் தாடைக்குக் கீழே தடவினேன். அங்கேயும் ஒரு பை. இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுப்பாகத்தான் தெரிந்தது.

"எனக்கும் புழு வந்துட்ச்சி போல கீதே!"

"ஏரிப் புல்லு தின்னீங்களா? அது பரோட்டா போட்ட தொப்பை, இடமில்லாம மேல ஏறிகினு வந்திருக்கு. பேஜார் பண்ணாம போய் தறியில உக்காருங்க."

மறுநாளிலிருந்து அவள் ஏரிப்பக்கம் மாட்டை விடவில்லை. மேட்டுக்காட்டில் புல் அறுத்து வந்து போட்டாள். தண்ணீர் வீட்டுத் தொட்டியில் மட்டும். நான் காலையும் மாலையும் பையை அளந்து தறிச் சுவரில் எழுதினேன். நாளுக்கு நாள் சிறுத்தது. ஒரு காலை அளக்க எதுவும் இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கொடுத்த சாணத்தில் ஒரே ஒரு முட்டை இருந்தது. "இன்னும் கீதே மேடம்!" என்று அலறினேன். "பழசா இருக்கும் சார், பித்தப்பையில தங்கினது. இமைய இழுத்துப் பாருங்க, உள்ள செவக்க ஆரம்பிச்சிருக்கும். மழைக்கு முன்னாடி இன்னொருவாட்டி பாத்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

தரகர் சொன்னபடி வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தி, "மாடு எங்கம்மா?" என்றார். என் மனைவி பசுவின் இமையைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்; உள்ளே சிவந்திருந்தது. பிறகு அவரிடம் திரும்பினாள்.

"விக்கிறதுக்கு மாடு இல்லீங்கண்ணா. இது கன்னு போடப் போவுது. வந்தது வந்தீங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."