இடது பக்கச் சுக்கான் கம்பி

மலைமேலுள்ள ஆலத்தூர் நாட்டு ஊர்களிலிருந்து விமானம் கட்டும் வேலைக்குப் போன முதல் ஆள் சுகுணா. நாமக்கல்லில் டிப்ளமோ முடித்து, பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. விமானப்படையில் புதிதாகச் சேருகிறவர்கள் ஓட்டிப் பழக, இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். வாலிலுள்ள சுக்கானை இழுக்கும் கம்பிகளைப் பூட்டுவது அவள் பொறுப்பு.

மாசியில் மிளகு பறிக்க நாலு நாள் லீவில் வந்திருந்தாள். காலை எட்டரை மணி. அப்பா சின்னுசாமி மூங்கில் ஏணியை மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துக் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ஏணியில் கால் வைத்த சுகுணா அப்படியே நின்றுவிட்டாள்.

இடது பக்கக் கம்பியின் முறுக்கை இறுக்கியது ஞாபகம் இருந்தது. அது கழன்றுவிடாமல் மெல்லிய பூட்டுக் கம்பி சுற்ற வேண்டும். சுற்றப்போன நேரத்தில் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பி வந்து சுற்றினாளா? வேலை முடிந்ததென்று தாளில் கையெழுத்துப் போட்டது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

அன்று ஒன்பது மணிக்குச் சோதனை. விமானி முரளி வேண்டுமென்றே விமானத்தைத் தட்டாமாலைபோலக் கீழ்நோக்கிச் சுழலவிட்டு மீட்க வேண்டும். மீட்டுக் கொடுப்பது அந்தச் சுக்கான்தான்.

"என்ன கண்ணு, தலை சுத்துதா?"

"இல்லீங்கப்பா, போன் பண்ணோணும்."

தோட்டத்தில் சிக்னல் கிடையாது. செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டுப் பாறைக்கு ஓடினாள். மூன்றாவது முறைதான் மேற்பார்வையாளர் இளங்கோ எடுத்தார்.

"சார், விமானத்த நிறுத்துங்க. இடது சுக்கான் கம்பிக்குப் பூட்டு போட்டனான்னு தெரியலீங்க."

"ஓடுபாதைக்குப் போயாச்சு சுகுணா. அதிகாரிங்கெல்லாம் வந்து உட்கார்ந்திருக்காங்க. போடலன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார். தெரியாததுனாலதான் நிறுத்தச் சொல்றேன்."

அவர் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி மறுபடி அடித்தாள், கிடைக்கவில்லை. ஒன்பது மணி கடந்தது. ஒன்பதே கால். மகளைத் தேடி வந்த சின்னுசாமி எதுவும் புரியாமல் பக்கத்தில் நின்றார். அவள் உள்ளங்கால் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை.

ஒன்பது நாற்பதுக்குப் போன் மணி அடித்தது.

"ஓடுபாதையிலருந்து திருப்பிக் கொண்டு வந்துட்டோம்மா," என்றார் இளங்கோ. "பூட்டுக் கம்பி இல்ல. முறுக்கு ரெண்டு சுத்து கழண்டிருக்கு. நானும் திறந்து பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருச்சா சாமி?" என்றார் அப்பா.

"ஆகலீங்கப்பா." சொல்லிவிட்டுப் பாறைமேலேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாளே மலையடிவாரக் காரவள்ளி வழியாகப் பெங்களூருக்குப் பஸ் பிடித்தாள். விசாரணை நடந்தது. அவளையும் இளங்கோவையும் மூன்று மாதம் அந்த வேலையிலிருந்து விலக்கினார்கள். சோதனை தள்ளிப்போன கோபத்தில் சிலர் அவளோடு சாப்பிட உட்காரவில்லை. முரளி மட்டும் ஒருநாள் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

ஆனியில் தள்ளிப்போன சோதனை நடந்தது. கம்பிகளைச் சுகுணாதான் பூட்டியிருந்தாள். வேறு இருவர் திறந்து பார்த்துக் கையெழுத்திட்டார்கள். விமானம் ஆறு சுற்றுச் சுற்றி நிமிர்ந்தது. இறங்கியதும் முரளி வாந்தி எடுத்துவிட்டு, "இன்னொரு தடவை போகலாம்" என்றார்.