முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் ஒரே பெட்டி

காரைக்குடி செக்காலை ரோட்டில் என் பேப்பர் கடைக்கு அடுத்த கதவு பர்வீன் பானுவின் கம்ப்யூட்டர் சென்டர். பன்னிரண்டு வருடமாக எங்கள் இரண்டு கடைக்கும் ஒரே சுவர். அவள் அங்கே தும்மினால் எனக்கு இங்கே கேட்கும். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு இந்தத் தகுதி போதும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, வயிறு எரிகிறது.

புருஷன் ஜியாவுதீன் சவூதிக்குப் போன அந்த வருடம், பி.காம். படித்துவிட்டு வீட்டில் எதற்குச் சும்மா இருப்பது என்று ரெண்டு பழைய கம்ப்யூட்டரோடு கடையைத் திறந்தாள். பாஸ்போர்ட், பென்ஷன், ஸ்காலர்ஷிப், வேலைக்கு மனு, எதுவானாலும் சனம் அவளிடம்தான் வரும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இமெயில் கிடையாது. புதிதாக ஒன்று திறந்து கொடுத்தால் மறுவாரமே பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். அதற்கு இவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுடைய சொந்த முகவரியில் எழுத்துகளுக்கு நடுவே எங்கே, எத்தனை புள்ளி வைத்தாலும் மெயில் அவளுக்கே வந்து சேரும். மனு வாங்குகிற கம்ப்யூட்டருக்கோ அது வேறொரு ஆளின் முகவரி. ஆகவே ஆளுக்கு ஒரு விதமாகப் புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டாள். மெயில் வந்தால் அவர்களுக்கு இவளே போன் போட்டுச் சொல்வாள். இதற்கென்று தனியாக யாரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. இப்படி முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அவள் பெட்டிதான் தபால் பெட்டி.

இந்த வருடம் சித்திரையில் விளம்பரம் வர ஆரம்பித்தது. வீட்டுமனை, சோபா செட், முடி கொட்டாத எண்ணெய். ஒவ்வொன்றும் முன்னூற்றுப் பன்னிரண்டு தடவை, ஆள் பெயர் போட்டு. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். 'அன்புள்ள அல்லாபிச்சை, உங்கள் கனவு இல்லம் தயார்' என்றிருந்தது. அல்லாபிச்சை அவளுடைய பெரியமாமனார். மௌத்தாகி, அடக்கம் செய்தே நாலு வருடம் ஆகிறது.

விளம்பரத்தின் அடியில் இருந்த நம்பருக்கு அப்போதே போன் போட்டாள். கோபிநாத் என்று ஒருவன் எடுத்தான்.

"நாங்க லிஸ்ட்ட வெலைக்கு வாங்குனது மேடம். காரைக்குடி ஏரியா, முன்னூத்திச் சொச்சம் குடும்பம்."

"குடும்பமெல்லாம் இல்ல சார், அம்புட்டும் நா ஒருத்திதேன். மௌத்தானவுக பேரெல்லாம் கெடக்கு அதுல. ஒங்களுக்கு இத வித்தது யாரு?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது மேடம். வேணாம்னா மெயிலுக்குக் கீழ ஒரு பட்டன் இருக்கும், அமுக்கிருங்க."

முன்னூற்றுப் பன்னிரண்டு தடவை அமுக்கினாள். ரெண்டு நாள் அதிலேயே போயிற்று. இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது போலிருக்கிறது, அடுத்த வாரத்திலிருந்து ரெட்டிப்பாக வந்தது. படம் படமாக, புத்தகம் புத்தகமாக வந்து கொட்டியது. அதற்குள் நிஜ மெயிலைப் பொறுக்கி எடுக்கவே அவள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கடை திறக்க வேண்டியிருந்தது. மற்றதை அழிக்க நேரம் ஏது.

"குப்பையக் கொண்டாந்து நம்ம வாசல்ல கொட்டிட்டு, கூட்டுற வேலையும் நமக்கே குடுத்துட்டாய்ங்கண்ணே" என்பாள். நான் அந்தக் கோபிநாத்தை இங்கிருந்தே திட்டித் தீர்ப்பேன். கட்டையில போறவனுக்குக் கேட்கவா போகிறது.

ஆடி மாதம் ஒரு நாள் சட்டென்று எல்லாம் நின்றது.

"நேத்துலருந்து ஒண்ணுகூட வரலண்ணே."

"நல்ல புத்தி வந்துருச்சுபோலத்தா" என்றேன். சந்தோஷத்தில் நானே போய் நாலு உளுந்தவடை வாங்கி வந்தேன். பதினோரு நாள் அவள் நிம்மதியாக இருந்தாள். நல்ல மெயிலும் வரவில்லையே என்று எங்கள் புத்திக்கு எட்டவில்லை. ஆடியில் எல்லா வேலையும் மந்தம்தானே என்று இருந்துவிட்டோம்.

பன்னிரண்டாம் நாள் அமராவதிபுதூர் மீனலோசனி வந்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் இல்லை, ரெண்டு பிள்ளைகள். அரசு ஆஸ்பத்திரி வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸாகியிருந்தாள். மேற்கொண்டு எந்தத் தகவலும் மெயிலில் மட்டும்தான் வரும் என்று மனுவிலேயே போட்டிருந்தது.

"அக்கா, எங்கூட எழுதுன பிள்ளைகளுக்கெல்லாம் சர்ட்டிபிகேட் பாக்க வரச் சொல்லி மெயில் வந்துருச்சாம். எனக்கு வரலையாக்கா?"

"வந்தாக் கூப்புட மாட்டேனாத்தா" என்றபடி பர்வீன் பெட்டியைத் திறந்தாள். மேலே சிவப்பாக ஒரு வரி இருந்தது. பல நாளாக இருந்ததுதான். கூடுதல் இடம் விலைக்கு வாங்கச் சொல்லும் இன்னொரு விளம்பரம் என்று தள்ளிவிட்டிருந்தாள். இப்போதுதான் முழுசாகப் படித்தாள். பெட்டி நிரம்பிவிட்டது, இனி எந்த மெயிலும் உள்ளே வராது என்று அதில் இருந்தது. "அப்ப பதினோரு நாளும் பூட்டித்தேன் கெடந்துருக்குண்ணே" என்று கத்தினாள்.

நர்ஸ் வேலைக்கு மனு வாங்கிய அலுவலகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நானும் வந்து வாசலில் நின்றேன். ஒரு அம்மா நிதானமாகத் தேடிப் பார்த்துச் சொன்னார்: "மீனலோசனிதானே? மூணு தடவ அனுப்பிச்சோம்மா, மூணும் திரும்பி வந்துருச்சு. வெரிஃபிகேஷன் நேத்தோட முடிஞ்சு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு."

"தப்பு என்னோடதுங்க, அந்தப் பிள்ள மேல ஒண்ணும் இல்லைங்க" என்று பர்வீன் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

மீனலோசனி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இந்த வருஷத்தோட எனக்குக் கவர்மெண்ட்டு வேலைக்கு வயசு முடியுதுக்கா" என்று மட்டும் சொன்னாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு, "பதினோரு நாளு பூட்டிக் கெடந்துருக்குல்ல. வேற யாருக்கும் ஏதாச்சும் வர வேண்டியது இருந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

எங்கள் ரெண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. பர்வீன் மனுப் போட்டவர்கள் பெயர் எழுதி வைத்த நோட்டை எடுத்துப் புரட்டி, காலேஜ் சீட்டுக்குக் காத்திருந்தவர்கள் பக்கத்தில் நிறுத்தினாள். அதில் முதலில் இருந்த திருக்கோஷ்டியூர் தங்கச்சாமி நம்பரை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். இவள் வாய் திறப்பதற்குள், "ஏ சந்திரலேகா, இங்குட்டு ஓடியா. கம்ப்யூட்டர் சென்டர்லருந்து கூப்புடுறாக, ஒனக்குக் காலேஜ் சீட்டு வந்துருச்சு" என்று அவர் மகளைக் கூப்பிடுவது எங்களுக்குக் கேட்டது.