எடுக்காமல் விட்ட துணி

லாண்டரி அக்காவுக்குக் கோபம் வந்தால் இஸ்திரிப் பெட்டியின் சத்தத்திலேயே தெருவுக்குத் தெரிந்துவிடும். தேய்க்க மாட்டாள், அடிப்பாள். அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் முழுக்கக் கடையில் அந்தச் சத்தம்தான்.

விஷயம் இதுதான். தெருமுனையில் இருக்கும் நிலக்கரி மின் நிலையத்தில் இரண்டாவது புகைபோக்கி கட்டப்போகிறார்கள். அதற்கு ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அன்று காலை நடந்தது. அக்கா எழுந்து, சாம்பல் கொட்டுகிறது, பிள்ளைகள் இருமித் தீர்க்கிறார்கள் என்று பொரிந்து தள்ளினாள். மின் நிலைய மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திரையில் ஒரு படத்தைப் போட்டார். அக்காவின் மொட்டை மாடி. கொடி நிறைய விரிப்புகள், அத்தனையும் பால் வெள்ளை.

"போன வாரம் எடுத்த படம்மா இது. எங்க சாம்பல் விழுந்திருந்தா இதுல ஒரு புள்ளியாவது இருக்கணுமே? மூணு மெஷின் போட்டு ஜோரா கடை நடத்துறீங்க. அதெல்லாம் யார் குடுத்த கரண்ட்டுல ஓடுது?"

கூட்டம் சிரித்தது. அக்கா உட்கார்ந்துவிட்டாள். கடை வளர்ந்தது பொய்யில்லை. சாம்பல் கூடக் கூடச் சலவைக்கு வரும் துணியும் கூடியது. அந்த வளர்ச்சியைத்தான் அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

துணி வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் அவளுடைய தம்பி. அவன் அங்கே பாய்லரில் வேலை பார்க்கிறான். தினமும் ஒருமுறை, குழாய்களில் படிந்த கரியை நீராவி அடித்து ஊதித் தள்ளுவார்கள். அதைப் பிடிக்க வடிகட்டி உண்டு. ஆனால் வடிகட்டியே ஏகப்பட்ட கரண்ட் தின்னும். அந்தக் கரண்ட்டையும் விற்றால் லாபம்தானே என்று, சோதனைக்கு ஆள் வருகிற நாள் தவிர மற்ற நாளெல்லாம் அதை அணைத்தே வைத்திருப்பார்கள். ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் தம்பி அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். அக்கா மாடியிலிருந்து குரல் கொடுப்பாள். தெருவே ஓடி ஏறிக் கொடியைக் காலி பண்ணும். சாம்பல் அடங்கியதும் மறுபடி காயப்போடுவார்கள். பத்து வருஷமாக இதே ஓட்டம். இத்தனை சாமர்த்தியமாக ஓடி ஓடி அவர்கள் காப்பாற்றியது மேனேஜரை என்பது, படத்தைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

புகைபோக்கிக்கு அனுமதி கொடுப்பதா என்று அதிகாரிகள் முடிவெடுக்கும் கூட்டம் வெள்ளிக்கிழமை. அந்தக் கூட்டத்து மேசைகளுக்கான வெள்ளை விரிப்புகள் புதன்கிழமை சலவைக்கு வந்தன. மின் நிலையத்தின் துணி எல்லாமே அக்காவிடம்தான் வரும். கடையின் பாதி வேலை அதுதான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு போன் ஒருமுறை அடித்து நின்றது. அக்கா குரல் கொடுத்தாள். தெரு ஓடியது. அவள் மட்டும் மாடிப்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார். "கம்பெனித் துணி வெளிய கிடக்கு. உக்காந்திருக்கியே?"

"கிடக்கட்டும்."

"கிறுக்கா உனக்கு? இந்த ஆர்டர் போச்சுன்னா பாதிக் கடையை மூடணும்!"

"மூடுவோம். மெஷினை வித்துட்டுக் கையால துவைக்கிறேன். பழகின கைதானே?"

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. சாம்பல் வந்து ஈரத் துணியில் உட்கார்ந்ததைக் கடைசிவரை பார்த்தாள். காய்ந்ததும், எப்போதும் போல மூலைக்கு மூலை பிசகாமல் தேய்த்து மடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கூட்டத்துக்கு முன்பே போய் அவளே மேசைகளில் விரித்தாள். சாம்பல் நிறத்தில் புதுத் துணி போலிருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. கூட்டத் தலைவர் வந்து மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்தார். பேசி முடித்துக் கையைத் தூக்கினால் உள்ளங்கை கறுப்பு, சட்டைக் கை கறுப்பு.

"என்னய்யா இது?"

அக்கா எழுந்தாள். "எங்க மாடியில காஞ்ச துணி சார். சாம்பல் வர்றதுக்கு முன்னாடி தினமும் ஓடிப்போய் எடுத்துருவோம். நேத்து எடுக்கல. அவ்வளவுதான்."

மேனேஜருக்கு முகம் சிவந்தது. "வேணும்னே பண்ணியிருக்க! இனி எங்க துணி ஒண்ணுகூட உன் கடைக்கு வராது."

"தெரிஞ்சுதான் சார் விரிச்சேன். கரண்ட் வேணாம்னு நாங்க சொல்லல. அந்த வடிகட்டியை நிறுத்தாம ஓட்டுங்க. அதுக்குக் கரண்ட் இல்லைன்னா இன்னொரு புகைபோக்கி எதுக்கு?"

"தண்ணி கொண்டு வாங்கப்பா" என்று தலைவர் கையை நீட்டினார்.

"கழுவாதீங்க சார்" என்றாள் அக்கா. "கையெழுத்துப் போடுறதா இருந்தா இந்தக் கையாலயே போடுங்க."

தலைவர் அனுமதித் தாளைத் தன் பக்கம் இழுத்தார். ஐந்து விரலும் அதில் அப்படியே பதிந்தன. அதைப் பார்த்துக்கொண்டே பேனாவை மூடி வைத்தார்.