அரைத் தொட்டியில் ஒரு சாதனை

விருதுநகரில் படகு ஓட்டத் தோதான இடம் எதுவும் இல்லை. கண்மாயில் தண்ணீர் வந்தால் அதுவே எங்களுக்குச் செய்தி. ஆனாலும் இந்த ஊரின் அதிவேகப் படகோட்டியாக நான் ஏறத்தாழ ஒரு மாதம் இருந்தேன். சூலக்கரைப் பக்கம் ஒரு ஜிம்மின் வெள்ளைப் பலகையில் என் பெயர்தான் முதலில் இருந்தது.

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றுக்கு ஆர்டர் பிடிக்கிற ஆள் நான். தீபாவளி முடிந்தால் வேலை குறைவு. சீசன் முழுக்க டீயும் வடையுமாக வளர்த்த வயிற்றைக் கரைக்கலாம் என்று அந்த ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே துடுப்புப் போடுகிற மிஷின் இரண்டு இருந்தன. சறுக்குகிற இருக்கை, காலை மாட்ட வார், கையால் இழுக்க ஒரு பிடி, எவ்வளவு தூரம் போனோம் என்று சொல்ல ஒரு சின்னத் திரை. அதுவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் இழுத்தால் கூண்டுக்குள் விசிறி சுற்றும். மற்றதில் கண்ணாடி மாதிரியான தொட்டிக்குள் இருக்கிற தண்ணீரைத் துடுப்பு கலக்கும். உட்கார்ந்தபடியே செய்கிற உடற்பயிற்சி என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது. தண்ணீர் மிஷினை எடுத்துக்கொண்டேன். அந்தச் சளசளப்பு காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

இரண்டு கிலோமீட்டரை யார் சீக்கிரம் கடந்தார்கள் என்று ஜிம் மாஸ்டர் பலகையில் எழுதுவார். எந்த மிஷினில் என்று எழுதமாட்டார். "படகுன்னா படகுதாண்ணே, இதுல என்ன ஒசத்தி தாழ்த்தி?" என்பார். முதலிடத்தில் இருப்பவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

வம்பு மல்லாங்கிணற்றிலிருந்து வந்தது. என் தங்கையின் கணவருக்கு அந்த ஊர். பருத்தியும் சோளமும் போடுகிற குடும்பம். உர மூட்டையைக் கைக்குழந்தை போல இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பார். மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தவரை, பலகையைக் காட்டுகிற ஆசையில் நான்தான் ஜிம்முக்குக் கூட்டிப்போனேன். என் மிஷினில் நான் இழுத்துக் காட்டினேன். விசிறி மிஷினில் அவர் இழுத்தார். வேர்த்து விறுவிறுத்து எழுந்து பார்த்தால், அவர் பெயர் எனக்கு வெகு கீழே.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"என்ன மாப்ளே, காட்டுவேல பூராம் டிராக்டருதான் பாக்குதோ?"

"மச்சான், நீங்க இழுத்ததப் பாத்தேன். டீ ஆத்துற மாதிரி இருந்துச்சு. அந்தத் தொட்டியில என்னமோ இருக்கு."

"அது டெக்னிக்கு மாப்ளே. உங்க மிஷின்ல காத்தக் கூட்டிக் கொறைக்கிற லீவரு ஒண்ணு இருக்கே, அது எங்கன கெடக்குன்னு பாத்தீகளா? ஒருவேள அதுல கோளாறோ என்னமோ."

"சரி, ரெண்டு பேரும் உங்க மிஷின்லயே ஓட்டுவோம். காதுகுத்துக்கு மொத நாளு. தோத்தவன் மீச இல்லாம மண்டபத்துக்கு வரணும்."

எங்கள் பக்கம் காதுகுத்தில் தாய்மாமன்தான் கதாநாயகன். அவன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மொத்தச் சொந்தமும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். என் முகத்தில் உருப்படியாக விளைந்தது மீசை ஒன்றுதான். தலையில் மழை பொய்த்து வெகுகாலம் ஆகிறது. அப்படியிருந்தும் "சரி மாப்ளே" என்றேன். பலகையின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

போட்டி நாளில் மாப்பிள்ளை முதலில் தண்ணீர் மிஷினில் உட்கார்ந்தார். அவர் இழுத்த இழுப்பில் திரையில் எண்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மாஸ்டரே மிரண்டுபோனார். முடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு செல்போனை எடுத்துத் தேடினார்.

"அண்ணே, ஒலகத்துல எவனும் இம்புட்டு வேகமாப் போனதில்லையே!"

அப்போதுதான் மூன்று பேரும் குனிந்து தொட்டியைப் பார்த்தோம். இதுவரை நிரப்பு என்று அதில் ஒரு கோடு இருந்தது. தண்ணீர் அதற்கு ரொம்பக் கீழே கிடந்தது.

"என்ன மாஸ்டர் இது?"

"நம்மூருல கொளாயில என்னைக்குண்ணே தண்ணி வருது? ஆளு குளிக்கவே காணோம், சும்மா கெடந்து கலக்குறதுக்கு முழுத் தொட்டியா? பாதி ஊத்துனேன். சத்தம் வருதுல்ல?"

எங்களால் குறை சொல்ல முடியவில்லை. வேறு ஊராக இருந்தால் கோட்டைப் பார்த்து ஊற்றியிருப்பார்கள். நானும் தினம் அந்தத் தொட்டியைப் பார்த்தவன்தான். மனுஷன் சிக்கனமானவர் என்று மெச்சியிருக்கிறேன்.

மிஷின் பாவம், தொட்டி நிறைந்திருக்கிறது என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. குறைந்த தண்ணீரில் துடுப்பு லேசாகச் சுற்றினால், படகு பறக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. விசிறி மிஷின் அப்படி ஏமாறாதாம். ஒவ்வொரு இழுப்புக்கும் சக்கரம் எப்படி வேகம் குறைகிறது என்று தானே பார்த்து, லீவர் எங்கே இருந்தாலும் அதற்கேற்பக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுமாம். செல்போனைப் பார்த்து மாஸ்டர் இதை வாசித்தபோது மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

கேன் தண்ணீரைத் திறந்து கோடு வரை ஊற்றினோம். மறுபடி போட்டி. இந்த முறை நான் முதலில். கிணற்றில் விழுந்த எருமையைத் தனியாளாக இழுப்பது போல இருந்தது. மாஸ்டர் நடுவில் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். மாப்பிள்ளையும் திணறித்தான் போனார். ஆனாலும் என்னைவிட வெகு குறைந்த நேரத்தில் முடித்துவிட்டார்.

மீசைக்காக ஒரு கடைசி வாதம் வைத்தேன். "மாப்ளே, இது தரையில நிக்கிற மிஷினு, உங்க எடைய இது சொமக்கல. நெசப் படகுல நீங்க ஏறுனா தண்ணி விளிம்புக்கு வந்துரும். எடைக்குத் தக்கன கழிச்சுத்தான் கணக்குப் போடணும்."

"நெசந்தான் மச்சான். பாதி மீசைய மட்டும் எடுங்க, மீதி எடைக்குக் கழிவு."

மாஸ்டருக்கு மட்டும் என் மேல் இரக்கம். பலகையை அழித்து, காற்று, முழுத் தொட்டி, அரைத் தொட்டி என்று மூன்று பிரிவாக எழுதினார். அரைத் தொட்டியில் என்னைப் போடப் போனவரை மாப்பிள்ளை தடுத்து, தண்ணீர் ஊற்றுவதற்கு முன் தான் ஓட்டிய நேரத்தை நினைவுபடுத்தினார். அதிலும் நான் இரண்டாவது.

மறுநாள் மண்டபத்தில் முழுதாக மழித்த முகத்தோடு மனையில் உட்கார்ந்தேன். தங்கை பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். என் மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வைத்தாள் ஓர் அலறல். ஆசாரி இன்னும் பையைக்கூடத் திறக்கவில்லை. தெரியாத ஆள் எவன் மடியிலோ வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். மூன்று தரம் உட்காரவைத்தோம், மூன்று தரமும் வழுக்கி அம்மாவிடம் ஓடினாள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தக்கூடாது என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள்.

"அண்ணே, உனக்குத்தான் புத்தியில்ல," என்று என்னை வைதுவிட்டுத் தங்கை புருஷன் பக்கம் திரும்பினாள். "எடுக்கச் சொன்னது நீங்கதான? நீங்களே வச்சு விடுங்க." பிள்ளையின் மை டப்பியை அவர் கையில் திணித்தாள்.

முழுத் தொட்டியின் வெற்றிவீரர், பட்டு வேட்டியோடு என் முன்னால் மண்டிபோட்டார்.

"ஆடாதீக மச்சான்."

"ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும் மாப்ளே. இதுலயாச்சும் நியாயம் வேணும்."

மருமகள் அழுகையை நிறுத்தி, விரலால் மீசையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி குத்தியதும் அழுதபடி என் முகத்தில் முகத்தைப் புதைத்தாள். நிமிர்ந்தபோது பாதி மீசை அவள் கன்னத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் உதடு மறுபடி பிதுங்கத் தொடங்கியது. பந்தி முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை மை டப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே அலைந்தார்.